ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள்

வீட்டை வாங்க வந்தவரின் வக்கீல் அனுப்பிய கேள்வித்தாள் நான்கு பக்கம் இருந்தது. அதில் பதினோராவது கேள்வி, விற்பவரைத் தவிர வேறு யாராவது அந்த வீட்டில் குடியிருக்கிறார்களா, இருந்தால் என்ன உரிமையில் என்பது. கட்கியில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கேள்விக்கு நேராக ‘யாருமில்லை’ என்று என் கையால் எழுதினேன். பத்தடி தள்ளிச் சமையலறையில் அத்தை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “டீ வைக்கட்டாடா? சக்கரை கம்மியாத்தான போடணும்?” என்று அங்கிருந்தே கேட்டாள். வைக்கச் சொன்னேன். டீ வந்தது, குடித்தேன். குடித்து முடித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். 

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. மகர்பட்டாவில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இதே கேள்வியை நாள்தோறும் அடுத்தவர்களிடம் கேட்கிறவன் நான். பத்திரம் சுத்தமாக இருக்கும், வரி பாக்கி இருக்காது, குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் தடையில்லாக் கடிதமும் வந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கணவனை இழந்த ஒரு தங்கையோ, புத்தி சரியில்லாத ஒரு தம்பியோ மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இருக்காது. கேட்டால், “வோ தோ ஐஸே ஹீ ரஹ்தீ ஹை, சார்” என்பார்கள். சும்மா கூட இருக்கிறாளாம். அப்படிச் சொல்கிறவர்களை நான் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பேன். என்ன யோக்கியமான பார்வை அது!

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. ஆரணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்தவள். மாமா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி நான்காவது வருடம் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அவர் வேலையை அத்தைக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல், காலை ஏழு மணிக்கு டிபன் டப்பாவோடு பஸ் ஏறினாள். மராத்தியை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, கண்டக்டர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டாள் என்று அப்பா கிண்டல் செய்வார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் ஒரு மராத்திப் பத்திரிகை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து இரங்கல் செய்திவரை ஒரு வரி விடாமல் படிப்பாள். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் என் பிள்ளைகளோடு அவள் பேசுவதும் மராத்தியில்தான். அப்பாவும் குடும்பத்தோடு இங்கே வந்து அவளோடுதான் இருந்தார். என் அம்மா எப்போதும் நோயாளி என்பதால் என்னையும் அண்ணனையும் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அத்தை. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மதிப்பெண் அட்டையில் இருப்பதும் அவள் கையெழுத்துதான்.

அந்தக் கட்கி வீடு அவளுடைய வீடு. தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து சொசைட்டி ஆரம்பித்துக் கட்டிய கட்டடத்தில், அவள் பெயருக்குத்தான் மூன்றாவது மாடி ஒதுக்கினார்கள். பணமும் முழுக்க அவளுடையது. அப்பாவுக்கு அப்போது நிலையான வேலை இல்லை. ஆனால் பத்திரப்பதிவுக்கு முன்னால் ஊரிலிருந்து நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். தாலி அறுத்தவள் பெயரில் முதல் பத்திரமா, ஆண் பிள்ளைகள் இரண்டு வளர வேண்டிய வீட்டுக்கு அது ஆகுமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா அவளிடம் வந்து, “எனக்கு ஒன்னும் இல்லக்கா, எல்லாரும் சொல்றாங்க” என்று தலையைச் சொறிந்தார். “ஆரு பேர்ல இருந்தா இன்னா, நாமதான இருக்கப்போறோம்” என்றாள் அத்தை. உறுப்பினர் பெயரை அப்பாவுக்கு மாற்றினார்கள், பத்திரமும் அவர் பெயரில் முடிந்தது. கிரகப்பிரவேசத்தன்று மேலே பால் பொங்கும்வரை அத்தை கீழே, படிக்கட்டுக்கு அருகில், வந்தவர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பாலை விடியற்காலையில் டெய்ரியில் வரிசையில் நின்று வாங்கி வந்ததும் அவளே. எனக்கு ஏழு வயது. மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தேன், அவளும் கையசைத்தாள். அன்று வாழையிலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போன அத்தனை பேரையும் நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நல்ல மனுஷன் என்று கட்கியில் பேர் வாங்கியவர். பெயரைத் திரும்ப மாற்ற அதன் பிறகு அவருக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன.

அம்மா முன்னமே போய்விட்டாள். அப்பாவும் இறந்தபின் வாரிசுகள் நானும் அண்ணனும் மட்டுமே. அண்ணன் சாகணில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மேலாளர். கட்டடம் பழசாகிறது, லிஃப்டும் இல்லை, இப்போது விற்றால்தான் விலை வரும் என்று ஆரம்பித்தது அவன்தான். “அத்தைக்கு மூணு மாடி ஏற முடியலடா. அவங்க நல்லதுக்குத்தான பண்றோம். மூணு மாசம் உங்க வீடு, மூணு மாசம் எங்க வீடு. டென்ஷன் லேனேகா நஹி, கவலைப்படாத” என்றான். அத்தை அந்த மூன்று மாடியையும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும். அவளிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். நிதானமாக என்றால், எல்லாம் முடிந்த பிறகு.

இங்கே வீடு வாங்கும்போது, வாங்குகிறவரின் வக்கீல் மராத்திப் பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் போடுவது வழக்கம். ஜாஹீர் நோட்டீஸ் என்பார்கள். இன்ன வீட்டை எங்கள் கட்சிக்காரர் வாங்கப்போகிறார், யாருக்காவது அதில் உரிமை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், தவறினால் யாருக்கும் உரிமை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று பொடி எழுத்தில் வரும். எந்தப் பத்திரிகையில் போடலாம் என்று தரகர் என்னைக் கேட்டார். அத்தை வாங்காத பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். அதற்காக நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேனோ என்னவோ.

எதிர்வீட்டு மராத்தியம்மா அந்தப் பத்திரிகையை வாங்குவார் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் நான் போனபோது அத்தை அறிவிப்பை அளவாகக் கத்தரித்து எடுத்து வைத்திருந்தாள். கத்தவில்லை, அழவும் இல்லை. “வூட்ட விக்கறீங்களாடா?” என்றாள். அது வெறும் ஃபார்மாலிட்டி அத்தை, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று உளறினேன்.  அவள் உள்ளே போய், கோடு போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மராத்தியில், நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள். இந்த வீட்டில் கட்டிய நாளிலிருந்து இருக்கிறேன், என் பணத்தில் வாங்கியது, விற்க எனக்குச் சம்மதம் இல்லை, கீழே பெயர், தொழிற்சாலையில் அவளுடைய டோக்கன் எண். “வக்கீல் அட்ரஸ் அதுலயே இருக்குது. நீ ஆபீஸ்லர்ந்து ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிச்சிடு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்றாள்.

இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கலாம். யாருக்கு எதிராக ஆட்சேபமோ அவன் கையிலேயே கொடுத்து அனுப்பச் சொல்வார்களா? எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் படித்து வேலைக்குப் போன நாள்முதல், பென்ஷன் தாளோ வங்கிக் கடிதமோ எது வந்தாலும் அத்தை என்னிடம்தான் தருவாள். என்னைச் சந்தேகப்படுவதற்கு அவளுக்குப் பழக்கமே இல்லை. ஒருவேளை, கொடுத்துப் பார்க்கலாம், இவன் என்ன செய்கிறான் என்று நினைத்திருக்கலாம். அந்த எண்ணம் வரும் இரவுகளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் என் மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் போட்டேன். இரண்டு முறை ஃபோனில் கேட்டாள். “அனுப்பிச்சியா?” அனுப்பிவிட்டேன் என்றேன். “பதில் வந்துதா?” இன்னும் வரவில்லை என்றேன். பதினான்கு நாளும் முடிந்தது. அண்ணன் ஃபோனில், “கெடு முடிஞ்சிடுச்சுடா, ஒருத்தரும் கேக்கல!” என்று சிரித்தான். கடிதம் பற்றி அவனுக்கும் நான் சொல்லவில்லை. ஆக, அந்தத் திருட்டில் எனக்குக் கூட்டாளி கிடையாது.

வாங்குகிறவரின் வக்கீல் ஒரு மராத்திப் பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும், கறாரான ஆள். பணம் கைமாறுவதற்கு முன் வீட்டை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டார். நானும் அண்ணனும் உடனிருந்தோம். மின்கட்டண ரசீதைக் கேட்டார். அது அத்தை பெயரில் இருந்தது. கேஸ் இணைப்பும் அத்தை பெயர். கேள்வித்தாளில் என் பதிலை எடுத்துப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அலுவலகத்தில் பார்க்கும் அதே பார்வை. இந்த அம்மா பத்திரத்தில் ‘மான்யதா’ கொடுப்பவராக, அதாவது தனக்கு உரிமை ஏதும் இல்லை, விற்பனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் மேலே போக முடியும் என்றார். அப்போது அத்தை அவரிடம் மராத்தியில், என் கடிதம் உங்களுக்கு வந்ததா என்று கேட்டாள்.

“எந்தக் கடிதம்?” என்றார் வக்கீல்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் அது எப்போதும் சொட்டும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றே விற்பனை நின்றிருக்கும், என் வேலையும் போயிருக்கலாம். அத்தை வக்கீலிடம், “காஹீ நாஹீ, பாயீ. மீ விசரலே” என்றாள். ஒன்றுமில்லையம்மா, மறந்துவிட்டேன். பிறகு அதே குரலில், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

பதிவு அலுவலகத்தில் அவளைப் புகைப்படம் எடுத்தார்கள், கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். தொழிற்சாலையில் தேய்ந்த விரல், ரேகை பதியவில்லை. அங்கிருந்த ஊழியர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நான்கைந்து முறை அழுத்தினார். யாராவது வற்புறுத்தினார்களா பாட்டி, சொந்த விருப்பத்தில்தானே என்று கேட்டார். “ஹோ”, ஆமாம் என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. திரும்பி வரும்போது ஆட்டோவில் நானும் அவளும் மட்டும். கட்கி ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது கேட்டாள். “அந்தக் காயிதம் இருக்குதா, கிழிச்சிட்டியா?”

“இருக்குது அத்தை.”

“கிழிச்சுப் போட்டுடு. உன் பொண்டாட்டி பார்த்தா உன்ன இன்னான்னு நெனைப்பா.”

திட்டியிருக்கலாம். கன்னத்தில் அறைந்திருக்கலாம், சின்ன வயதில் எத்தனையோ முறை அறைந்தவள்தான். அவள் அப்படிச் சொன்னதை இரக்கம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகிப்போன காயை எடுத்துத் தனியாக வைக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இப்போது முறை வைத்து இருக்கிறாள். மூன்று மாதம் அண்ணன் வீடு, மூன்று மாதம் என் வீடு. நான் இருப்பது வாசலில் காவலும் கைபேசிச் செயலியும் உள்ள குடியிருப்பு. உள்ளே வருகிறவர்களை அந்தச் செயலியில் உரிமையாளர், வாடகைக்காரர், குடும்பத்தினர், விருந்தினர் என்று பிரித்துப் பதிய வேண்டும். அத்தை முதல் தடவை வந்தபோது அவளை நான் விருந்தினர் என்று பதிந்தேன். அதனால் தினமும் மாலையில் அவள் கணபதி கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் காவலாளி அவளை நிறுத்துவான். என் கைபேசி ஒலிக்கும். விருந்தினர் வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா என்று கேட்கும். நான் அனுமதி என்று அழுத்தினால்தான் அவள் உள்ளே வர முடியும். போன வாரம் அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறாள். காவலாளி நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். “அந்தப் புள்ள இன்னாடா பண்ணுவான், உன்னக் கேட்டுத்தான வுடணும்” என்றாள்.

குடும்பத்தினர் என்று மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது. மாற்றவில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தினர் என்று பதிந்தால் இன்ன தேதியிலிருந்து இந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்று ஒரு சான்று உருவாகிவிடும். அண்ணன் அதைக் காட்டி இனி உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்பான். நாளைக்கு இந்த வீட்டை நான் விற்கப் போனால், வேறு யாராவது குடியிருக்கிறார்களா, என்ன உரிமையில் என்று எவனாவது கேட்பான். சட்டப்படி அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கை போக மாட்டேன் என்கிறது. நேற்று மாலையும் ஆறே முக்காலுக்குக் கைபேசி கேட்டது. அனுமதி என்று அழுத்திவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.