மஞ்சள் எச்சரிக்கை

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் இணையதளத்தை நான்தான் எழுதியிருந்தேன். வியாபாரிகள் சரக்கின் பெயரைத் தட்டத் தொடங்கினாலே பக்கம் உறைந்து நின்றது. மூன்று வாரம் போராடினேன். பொறுமையிழந்த முதலாளி நாகலாபுரத்திலிருந்து இணையதள வேலை தெரிந்த ஒரு பெண்ணை வரவழைத்தார்.

ஒல்லியான உருவம், இறுக்கிப் பின்னிய சடை. எதையும் தொடுமுன் திரையில் இருப்பதை முணுமுணுத்து வாசிப்பது அவர் பழக்கம். பக்கத்தின் கோளாறுகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலைத் திறந்தார். நிரல் ஓட அதிக நேரம் எடுக்கிறது என்று மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன.

“ஒரு எழுத்து தட்டுனாலும் மொத்த லிஸ்டையும் முதல்லருந்து தேடுது, அண்ணாச்சி. இந்த மஞ்சளப் பாக்கலையா?”

“பாத்தேன். சிவப்புன்னாத்தான் பிழை, இது மஞ்சள்தானேன்னு விட்டுட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். என் டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டார்.

முதலாளி, “இங்கனயே வேலைக்கு வந்திருதியாம்மா?” என்று என் முன்னாலேயே கேட்டார். நான் என் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுலருந்தே நெறைய வேலை பாக்குதேன். இவிய நல்லாத்தான் எழுதியிருக்காவ.”

அவருடைய திறமையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பறிபோய்விடுமோ என்று நான் நடுங்கிய நாற்காலி அவருக்குத் தேவையே படவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.