பேனாவால் போட்ட வட்டம்

காலை ஒன்பது மணி, பெஞ்சில் ஆறு பேர், முதல் ஆள் கஸ்தூரி. ஆரணி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த ஊசி அறையில் மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இப்படித்தான் தொடங்கும். எழுபதுகளின் பின்பாதி அது.

ஊசி அறை நர்ஸ் பாதி நேரம் ஊசி போடுவதில்லை, ஆட்களை உட்கார வைக்கிறாள். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; ஆளையே கொன்றுவிடும். அதனால் முதலில் முன்கைத் தோலுக்கடியில் துளி மருந்து ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். தடிக்காவிட்டால்தான் முழு ஊசி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்னைச் சபித்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

சந்தனக் கலர்

நெசவாளர் ஏகாம்பரத்துக்குக் காலில் சீழ்ப்புண். டெஸ்ட் வைத்து வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினேன். மனிதர் எச்சில் தொட்டு, வேட்டி முனையால் வட்டத்தைத் துடைத்தே விட்டார். எந்த இடத்தில் குத்தினேன் என்றே தெரியவில்லை. அடுத்த கையில் மறுபடி டெஸ்ட், மறுபடி அரை மணி. ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தறியில சந்தனக் கலர் பாவு நூலு ஏத்திக்கீறேன் நர்ஸம்மா. உன் பேனா மசி அதுல பட்டுச்சுன்னா, அப்புறம் மொதலாளி எனக்குப் போடுவாரு ஊசி!"

படவேடு பஸ்

படவேட்டிலிருந்து வந்த விவசாயி ஒருவர், "மூணு தடவ போட்டுகினேன், ஒண்ணும் ஆகல, ஜல்தியா போட்டு அனுப்பும்மா, பஸ்ஸு பூடும்" என்று நின்றபடியே சண்டை பிடித்தார். போன தடவை ஏற்ற உடம்பு இந்தத் தடவை ஏற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்றேன். முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

கால் மணி நேரத்தில் வட்டத்துக்குள் தோல் சிவந்து, காசு அகலத்துக்குத் தடித்து, கோட்டைத் தாண்டியது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். வெளியே அவருடைய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு பூட்ச்சு, உசுரு கீது. பரவால்ல, நடந்துகூடப் போலாம்."

கஸ்தூரியின் சந்தேகம்

கஸ்தூரி சேவூர்ப் பெண். வீட்டில் அப்பாவின் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைத் தொட்டுவிட்டது. காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின், ஆண்டுக்கணக்கில். ஒவ்வொரு தடவையும் டெஸ்ட், வட்டம், அரை மணி.

அந்த அரை மணியில் அவள் பேசுவாள்: தறி, தம்பி, பக்கத்து வீட்டுச் சண்டை. நான் நாகர்கோவில்காரி, குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு தட்டு. படுக்கும்போது யோசித்தால், சில நாள் நான் கடைசியாகப் பேசியது "கையை நீட்டுங்க" என்பதாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை வட்டம் போடும்போது அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நெஜமா சொல்லுங்க சிஸ்டர், எனக்கு ஒத்துக்காதுன்னு டெஸ்ட் வெக்கிறீங்களா, உங்களுக்குப் பேச ஆளு வேணும்னு வெக்கிறீங்களா?"

காலி இடம்

ஒரு நாள் அவள் அப்பா மட்டும் வந்தார். "வந்தவாசியில இடம் கூடி வந்துகினு கீதும்மா. ஊசின்னு தெரிஞ்சா தட்டிப் பூடும். கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கலாம்" என்றார். காய்ச்சல் திரும்பினால் அந்த இருதயம் தாங்காது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த முறை கஸ்தூரி வரவில்லை. பெஞ்சில் அவள் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

மறுநாள் வந்தாள், கூடவே மாப்பிள்ளையின் அம்மா. "இவளே எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார் அந்த அம்மாள். ஒட்டுகிற நோயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிள்ளை பெறலாமா என்று கேட்டார். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் ஊசி மட்டும் தவறவே கூடாது என்றேன். டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, கஸ்தூரிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். அரை மணி நேரமும் அந்த வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊசி போட்டு முடித்ததும் அந்த அம்மாள் எழுந்து என் தோளைத் தட்டினார்.

"வந்தவாசியிலயும் ஆஸ்பத்திரி கீது, ஊசியும் கீது. அந்த அரை மணி நேரம் இவகூட நான் உக்காந்துக்கிறேன். நீ பேஜார் ஆவாத நர்ஸம்மா."

அரை மணி உட்கார வைப்பது நோயாளியின் நன்மைக்காக என்று மட்டும்தான் எங்களுக்கு நர்ஸிங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

1981 தை மாதம் வந்தவாசியில் கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதுவரை ஓர் ஊசியும் தவறவில்லை என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார்.