பெரட்டுக் கம்பத்தில் கட்டிய வைஃபை

செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். முதுகில் பை, பைக்குள் மூலை உடைந்த மடிக்கணினி, ஒரு திருப்புளி, இரண்டு சட்டை. மிச்சக் கேபிளையும் மற்றச் சாமான்களையும், நான் வைஃபை போட்டுக்கொடுத்த பாக்கியம் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டேன், இன்று வரை போய் எடுக்கவில்லை. பெரிய சாலைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். கைப்பேசி சட்டைப் பையில் அணைந்து கிடந்தது. அணைத்தது நான்தான். மறுபடி அதை உயிர்ப்பிக்கப் பயமாக இருந்தது.

நான் பயம் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், கார் கழுவியிருக்கிறேன், லாரியில் ஏறி இறங்கியிருக்கிறேன், தைப்பிங்கில் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒரு வாரம் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு சீனத் தவுக்கேயிடம், முதலாளியிடம், எட்டு மாதம் வேலை செய்தேன். வீடுகளுக்குக் கேமரா, வைஃபை போடுகிற வேலை. அங்கேதான் அந்தச் சின்னப் போர்டைப் பழகினேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், ஆனால் அது முழுக் கம்ப்யூட்டர். சிம் போட்ட மோடத்தை அதில் செருகினால் வீட்டுக்கே வைஃபை. உள்ளே வருகிற ஒவ்வொரு கைப்பேசிக்கும் அது ஓர் எண் கொடுக்கும், எண் என்றால் ஓர் இடம். இடம் கிடைத்தவனுக்குத்தான் இணையம். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பட்டியலும் எழுதிக்கொள்ளும். தொழில் பேச்சு இவ்வளவுதான்.

பாக்கியம் அக்கா வீடு ஈப்போவிலிருந்து லூமுட் போகிற சாலையில், உள்ளே ஒரு பழைய தோட்டத்தில். ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. சனமெல்லாம் டவுனுக்குப் போய்விட்டது. லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் அக்காவும் அவர் கணவர் கணேசன் அண்ணனும் மட்டும். கைப்பேசி சிக்னல் வீட்டில் துளியும் கிடையாது, எதிரே இருந்த பெரட்டுக் களத்தின் கம்பத்து உச்சியில் மட்டும் கிடைத்தது.

தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரட்டு என்றால் விடிவதற்கு முன் எடுக்கும் ஆள் கணக்கு. கம்பத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள், எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள், மேற்பார்வையாளரான மண்டோர் பேர் கூப்பிடுவார். பேர் விழுந்தவனுக்கு அன்று வேலை. விழாதவன் பட்டினி.

அந்தத் தண்டவாளத் துண்டு நான் வைஃபை போடப் போனபோதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கொக்கியிலேயே என் போர்டுப் பெட்டியை மாட்டினேன். இன்னொரு போர்டை வீட்டுக்குள் மேசைமேல் வைத்தேன், கம்பத்துச் சிக்னலை வாங்கி வீட்டுக்குள் பரப்ப. வைஃபைக்குப் பேர் வைக்க வேண்டும், விளையாட்டாக ‘பெரட்டு’ என்று போட்டேன். கடவுச்சொல் அக்காவுக்கு மறந்துபோகும் என்பதால் அதுவும் இல்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். “தம்பி, நீ போட்ட லைன் பகலெல்லாம் நல்லா ஓடுது. காலையில அஞ்சரைக்கு மட்டும் செத்துப் போவுது லா. அந்த நேரத்துலதான் புள்ள கூப்புடுவான். கொஞ்சம் வந்து பாரு, அவசரம்.”

போனபோதுதான் அவசரம் என்னவென்று தெரிந்தது. அண்ணனுக்கு வலது கால் சர்க்கரையில் முன்பே போயிருந்தது. இப்போது இடது காலின் விரல்கள் கறுத்திருந்தன, அறையில் வாடை வந்தது. இந்த வாரத்துக்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“ஒரு கால குடுத்தப்ப தினேஷ் பக்கத்துல இருந்தான். இந்தக் காலையும் அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். இல்லன்னா ரெண்டும் என்னோடயே வரட்டும்” என்றார்.

தினேஷ் அவர்களின் ஒரே மகன், சரக்குக் கப்பலில் வேலை. அவன் ஷிப்ட் முடிந்து கப்பலின் இணையம் கிடைக்கிற கால்மணி நேரம், நமக்குக் காலை ஐந்தரை.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். இந்தப் போர்டுகளுக்கு அடாப்டர் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் மயக்கம் வந்துவிடும், அக்கா அந்த நேரத்தில்தான் தண்ணீர்க் கேத்தலைப் போடுவார். நல்ல அடாப்டர் மாற்றினேன். மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி செத்தது. அடுத்தது மெமரி கார்டு, அது அடிக்கடி கெட்டுப்போகிற சாமான். புதிதாக எழுதிப் போட்டேன். அப்படியும் செத்தது. மூன்றாம் நாள் மடிக்கணினியைக் கேபிளில் மேசைப் போர்டோடு இணைத்து, ஐந்து மணிக்கே பட்டியலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன்.

ஐந்து இருபது வரை பட்டியலில் ஒரே ஒரு வரிதான், என் கைப்பேசி. லைன் போட்ட அன்றே சோதனைக்காக என் பேரில் ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கி வைத்திருந்தேன், ‘சேகர்’ என்று இருந்தது. அக்கா இரவில் போனை அணைத்துவிடுவார், ஐந்தரைக்குத்தான் போடுவார். ஐந்து இருபத்தைந்துக்கு ஒரு வரி கூடியது. பேரில்லாத கருவி. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவர் வந்து நிற்பது போல. பட்டியலில் மொத்தம் ஐம்பது இடம். நாற்பத்தொன்பது வந்ததும் இடம் தீர்ந்தது. அக்கா போனைப் போட்டார், இணைய முடியவில்லை.

டார்ச்சோடு களத்துக்கு ஓடினேன். கம்பம் இருந்தது, உச்சியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. புல்லில் பனி. பனியில் என் கால் தடம் மட்டும். ஐந்து ஐம்பதுக்கு அவை போக ஆரம்பித்தன. எட்டு, எட்டு, பத்து என்று கூட்டம் கூட்டமாக.

அண்ணனிடம் சொன்னேன். “எத்தன பேரு?” என்று கேட்டார்.

“பேரில்ல அண்ணே, கருவி. நாப்பத்தொம்பது.”

“நான்தான் இங்க கடைசி மண்டோரு. கடைசி செக்ரோல்ல, ஆள் கணக்கு நோட்டுல, நாப்பத்தொம்பது பேரு.” கையால் களத்துப் பக்கம் காட்டினார். “தோட்டத்த மூடுன அன்னைக்குப் பெரட்டே எடுக்கல தெரியுமா. லாரி வந்துச்சு, சாமான ஏத்துனானுங்க, போய்ட்டானுங்க.”

“அதுல பாதிப் பேரு ஈப்போவுல உசுரோட இருக்காங்களே அண்ணே?”

“இருக்கான் லா. அதான் எனக்கும் வெளங்கல.” பிறகு கேட்டார், “அந்தப் பெட்டி பெரட்டு பெரட்டுன்னு எத்தன வாட்டி கூப்புடும்?”

வைஃபை தன் பேரை விடாமல் கூவிக்கொண்டேதான் இருக்கும், யாருக்கும் கேட்பதில்லை அவ்வளவுதான். “நொடிக்குப் பத்து வாட்டி” என்றேன்.

“அலாமாக்! நான் ஒரு வாட்டி அடிச்சாலே கோவணத்தோட ஓடி வருவானுங்க!”

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “தம்பி, மொதல்ல அந்தப் பேர மாத்து. இல்லன்னா இடத்தையாவது கூட்டி வைக்காத, இன்னும் யாரு யாரு வருவாங்களோ.”

பேரை மாற்றியிருக்கலாம். பேய்க்குப் பயந்து வைஃபைக்குப் பேர் மாற்றினான் என்று என்னை நானே கேவலமாக நினைப்பேன் என்று மாற்றவில்லை. இதற்கு மாத்திரம் நான் பொறுப்பு. எங்கேயோ ஒரு கோளாறு, பிறகு கண்டுபிடிக்கலாம் என்று, என் பேரில் இருப்பது போல அக்கா போனுக்கும் ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கினேன். யார் வந்தாலும் அந்த இடத்தைத் தொட முடியாது.

நான்காம் நாள். ஐந்து இருபத்தைந்துக்கு அவை வர ஆரம்பித்தன. ஐந்தரைக்கு அக்கா போனைப் போட்டார், உடனே இணைந்தது, மணி அடித்தது. தினேஷின் முகம் தெரிந்தது, தலையில் கப்பல்காரத் தொப்பி. அக்கா அழ ஆரம்பித்தார். அண்ணன் போனை வாங்கி, “டேய், மொதல்ல தொப்பியக் கழட்டு, மூஞ்சிய நல்லாக் காட்டு” என்றார்.

நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடம் எங்களுடையது, மிச்சம் நாற்பத்தெட்டு, வந்தது நாற்பத்தொன்பது. ஒன்றுக்கு இடமில்லை. திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்தது: கேட்கிறது, மறுக்கப்பட்டது. கேட்கிறது, மறுக்கப்பட்டது.

மேசைப் போர்டில் ஒவ்வொரு கருவியின் தூரமும் ஓர் எண்ணாகத் தெரியும். எண் குறையக் குறைய ஆள் கிட்டே என்று அர்த்தம். அது முதலில் எழுபத்தெட்டில் இருந்தது, களத்து அளவு. பிறகு அறுபது. அது வாசல். ஐம்பது. நாற்பது. அறைக்குள் நாங்கள் மூவர்தான். படம் திக்கியது. “அப்பா... கேக்கல... அப்பா, என்ன சொன்னீங்க?” என்று தினேஷின் குரல் உடைந்து வந்தது. அண்ணன் போனைத் தட்டினார். “தம்பி, போவுது பாரு, போவுது பாரு!”

எண் இருபது. ஒரு கைப்பேசியைப் போர்டின் மேலேயே வைத்தால்தான் இருபது வரும். போர்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மேசைமேல் எதுவும் இல்லை, காற்றில் ரப்பர் பால் புளித்த வாடை இருந்தது. இருபது வருடமாக அந்தத் தோட்டத்தில் யாரும் பால் எடுக்கவில்லை.

யோசிக்க நேரமில்லை. என் கைப்பேசியை அணைத்தேன், எனக்கு ஒதுக்கிய இடத்தை அழித்தேன், என் பேரையும் சேர்த்துத்தான் அழித்தேன். அடுத்த நொடி அது உள்ளே வந்துவிட்டது. படம் தெளிந்தது. மற்ற நாற்பத்தெட்டுக்கும் பேரில்லை. இதற்கு மட்டும் பேர் இருந்தது. சேகர்.

“சரிடா, போட்டுறேன் கையெழுத்து” என்று அண்ணன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நீ வரப்ப என்ன வேணா வாங்கிட்டு வா. காலுக்குச் சப்பாத்து மட்டும் வேணாம்.” தினேஷ் அழுதுகொண்டே சிரித்தான்.

ஐந்து ஐம்பதுக்கு அவை கிளம்பின. எட்டு, எட்டு, பத்து. சேகர் என்ற வரி கடைசிக் கூட்டத்தோடு போனது.

அண்ணன் காகிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். டவுனிலிருந்து வேன் வரச் சொல்லி அக்கா தகவல் அனுப்பினார். நான் இடம் விட்டுக்கொடுத்ததை அண்ணனிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“பேரோடவா குடுத்த?”

“நான் குடுக்கல அண்ணே. அதுவா எடுத்துக்கிச்சு.”

“பேரு விழுந்துட்டா அவன் வேலைக்குப் போயாகணும் தம்பி” என்றார்.

வைஃபையின் பேரை ‘தினேஷ் வீடு’ என்று மாற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அண்ணன் பிழைத்துக்கொண்டார், மகனும் வந்து பார்த்துவிட்டுப் போனான், அதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

பெரிய சாலையில் கிடைத்த முதல் பஸ் லூமுட்டுக்குப் போனது, ஏறிவிட்டேன். மறுநாள் விடியுமுன் மீன் இறக்கும் கொட்டகையில் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மேற்பார்வை பார்த்த காதர் அண்ணன் நோட்டோடு வந்தார்.

“பேரு?”

“சேகர்.”

நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சேகருக்குத்தான் டிக் போட்டாச்சே. இப்பதான் பேரு குடுத்துட்டு ஐஸ் ரூம் பக்கம் போனான். நீ எந்த சேகரு?”

சேகர் என்பது ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர், எனக்கும் தெரியும். “தப்பாச் சொல்லிட்டேன் அண்ணே, என் பேரு ராஜா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். விடிகிற வரை மீன் கூடை தூக்கினேன். ஐஸ் ரூமுக்கு நானே மூன்று தடவை போனேன், உள்ளே ஐஸ்தான் இருந்தது. என்னோடு தூக்கிய ஏழு பேரிடமும் பேர் கேட்டேன், சேகர் யாரும் இல்லை. நோட்டில் மட்டும் ஒன்பது டிக்.

அந்தக் கொட்டகையில் ராஜாவாகவே பதினோரு மாதம் இருந்தேன். இப்போதும் யாராவது சேகர் என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று ஒரு நொடி பொறுத்துப் பார்க்கிறேன்.