மூன்று மணிக்கும் நிறைந்திருந்த பானை

நான் தனியாகப் போன முதல் ஆய்வு, இரும்புலியூரில் ஒரு எக்ஸ்போர்ட் தையல் கம்பெனி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். தைப்பவர்களின் ஆரோக்கியத்தைக் கம்பெனி எப்படிக் கவனிக்கிறது என்று, சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்த சமயம். அதைப் பார்த்து மார்க் போடுவதுதான் எங்கள் தாம்பரம் ஆபீஸின் வேலை. எங்கள் குடும்பத்தில் ஃபாரம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். ஃபாரத்தில் கேட்காதது எதுவும் முக்கியமில்லை என்று நினைத்திருந்தேன்.

குடிதண்ணீருக்குப் பத்து மார்க். ஹாலில் அறுபது பெண்கள், மூன்று மண்பானைகள். மூடியைத் திறந்தேன். மூன்றிலும் கழுத்து வரை தண்ணீர்.

"எப்பம்மா ரொப்பினீங்க?"

"காலைல எட்டு மணிக்கு சார்," என்றார் ஆயா முனியம்மா.

அப்போது மணி மூன்று. பத்துக்குப் பத்து போட்டேன். கழிப்பறையும் சுத்தம், அதற்கும் பத்து.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் அதே பெண்கள் பிளாட்பாரக் குழாயை மொய்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். அவர்களில் செல்வி என்ற டெய்லர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா சார், எவ்ளோ மார்க் போட்ட?"

"தண்ணிக்கு ஃபுல் மார்க், அக்கா. அங்கயே குடிச்சிட்டு வரலாமே?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிச்சா பாத்ரூம் போவணும்ல. இருபது பேருக்கு ஒரு டோக்கன். சூப்பர்வைசர் முன்னால போயி நின்னுகினு கேக்கணும். 'இப்பதான போன'ம்பான். நீ வர்றன்னு டோக்கன இன்னிக்கி டிராயர்ல ஒளிச்சி வெச்சிட்டான். அந்த பேஜாருக்குத் தண்ணியே வாணாம்னு வுட்டுட்டோம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மூணு மாசமா நீர்க்கடுப்பு. டாக்டரு நெறைய தண்ணி குடின்றாரு. என் பேர எழுதிடாத சார். வேலை பூடும்."

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ரிப்போர்ட் இன்னும் டைப்புக்குப் போகவில்லை என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. மேலதிகாரியிடம் டோக்கன் விஷயத்தைச் சொன்னேன்.

"யாருப்பா சொன்னது? பேர் இல்லாம எழுதினா கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்."

"யார் பேரும் வேணாம் சார். எட்டு மணிக்கு ரொப்பின பானை மூணு மணிக்கும் அப்படியே இருந்துச்சு. மே மாசம், அறுபது பேர். நானே பாத்தேன்."

மேலதிகாரி பேனாவை என் பக்கம் தள்ளினார். "தண்ணிக்குப் போட்ட பத்த அடிச்சிடு. இத அப்படியே எழுது."

ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி மேனேஜர் போனில் கத்தினார். "பானை நிறைய இருந்தா தப்பா சார்?"

"மத்தியானத்துல நிறைய இருந்தா தப்புதான்," என்றார் மேலதிகாரி.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் போனேன். அதே மூன்று மணி. டோக்கனை எடுத்துவிட்டிருந்தார்கள். பானையின் அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. செல்வி என்னைப் பார்த்தார். மிஷினை நிறுத்தி எழுந்து, யாரையும் கேட்காமல் கழிப்பறைப் பக்கம் நடந்தார். எனக்கு அப்போதுதான் நெஞ்சு லேசானது.

முனியம்மாவுக்குத்தான் என் மேல் கோபம். "உன்னால ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி ரொப்ப வேண்டியதா கீது சார்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, தண்ணீர் இருக்கிறதா என்றுதான் ஃபாரம் கேட்கும். நீங்கள் மத்தியானம் போய் மூடியைத் திறந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.