இரண்டு தரம் கொதித்த தண்ணீர்

குழந்தையின் கீழுதட்டைக் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் விரலால் மெல்ல இழுத்து வெயிலுக்குக் காட்டியது இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. புத்தூரில் அக்கா வீட்டு முற்றம். பிள்ளைக்கு இரண்டு மாதம். நாவற்பழம் தின்றதுபோல உதட்டில் ஒரு நீலம்.

"பால்மா கரைக்கிற தண்ணி எது?" என்று மிஸ் கேட்டார்.

"கிணத்துத் தண்ணிதான் மிஸ். ஆனால் ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறனான். தம்பி சொன்னவன்."

அக்கா பெருமையோடுதான் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் படித்து அரச கந்தோரில் வேலைக்குப் போன முதல் ஆள் நான். என் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் இல்லை.

மிஸ் கிணற்றடியைப் பார்த்தார். சுற்றிவர வெங்காயப் பாத்தி, வேலியோரம் வெறும் உரப்பைகள். "கொதிச்சால் கிருமி சாகும். கிணத்திலை ஊறின உரம் சாகுமே? தண்ணி வத்த வத்த அது தடிக்கும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கந்தோர்க்காரர், பாத்துக்கொண்டு நிக்காமல் ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சின்ன நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொதுக்கொள்கையின் வகைகளைப் பரீட்சையில் வரிசையாக எழுதித் தேறியவன் நான். என் மேசையில் உர மானியம் ஒரு கோப்பு. கிணறுகளைக் காக்கும் கட்டுப்பாடு இன்னொன்று. பவுசர் வண்டியில் குடிதண்ணீர் கொடுப்பது மூன்றாவது, அதிலும் வறட்சிக் கிராமங்களின் பெயர் மட்டும். அத்தானின் மானியப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். தனித்தனியே பார்த்தால் எதிலும் பிழை இல்லை. எல்லாம் சேர்ந்து அக்காவின் கிணற்றுக்குள் கிடந்ததுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. நிலைபேறான அபிவிருத்தி என்றால் நாளைய தலைமுறைக்கும் மிச்சம் வைப்பது என்று விடைத்தாளில் எழுதியிருந்தேன். அந்தத் தலைமுறை அக்காவின் மடியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

பிள்ளை பிழைத்தான். நாலாம் நாள் உதடு சிவந்தது. இப்போது மூன்று வயது. முற்றமெல்லாம் ஓடித் திரிகிறான். மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். அத்தான் இன்னமும் உரம் போடுகிறார். "போடாட்டி வெங்காயம் விளையாது. பிறகு என்னத்தைத் தின்னுறது, உன்ரை கோப்புகளையோ?" என்று கேட்கிறார்.

போன கிழமை அக்கா கேட்டாள்: "இந்த முறையும் எனக்குப் பால் காணாட்டி, எந்தத் தண்ணியிலை தம்பி கரைக்கிறது?"

எங்கள் கிராமத்தையும் பவுசர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அக்காவுக்கு இது எட்டாம் மாதம்.