குடைக்காரரின் கம்பளி ஜட்டி

என் வீட்டுக்காரர் குடை ரிப்பேர் செய்கிறவர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கம்பி ஒடிந்தது, பிடி கழன்றது, துணி கிழிந்தது என்று குடைகள் வந்து குவியும். யாராவது வந்து, "போன வாரம் தைச்சுக் குடுத்தீங்களே, சொட்டுதுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு அன்று சோறு இறங்காது. அவரைத் திருடன் என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம், சிரிப்பார். ஒழுகுகிறது என்று மட்டும் சொல்லக் கூடாது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு வேலையே ஒழுகுவதுதான்.

பிளாஸ்டிக் ஜட்டி போட்டதில் குழந்தையின் தொடை சிவந்து தடித்துவிட்டது. வெறும் துணியைக் கட்டினால் மெத்தை, பாய், எங்கள் மடி எல்லாம் நாசம். இவர் யோசித்தார். முழங்கையில் ஓட்டை விழுந்த தன் கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்து நூலைச் சுற்றினார். இரண்டு குடைக் கம்பிகளை வெட்டி முனையை ராவி ஊசியாக்கிக்கொண்டு, கடையிலேயே பின்ன உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, குடைக்கு உறையா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"இல்லங்க. பொண்ணுக்கு ஜட்டி."

கேட்டவர் குடையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

துணிக்கு மேல் போட்ட அந்த முதல் கம்பளி ஜட்டி ஒழுகியது. அன்று எங்கள் வீட்டில் ஒரு ஆள் சாப்பாடு மிச்சம். மறுநாள் கம்பளிக் கடைக்காரரிடம் போய்த் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வந்தார். ஆட்டு ரோமத்தில் ஒரு பிசுக்கு உண்டாம். துவைத்துத் துவைத்து அது போய்விடுமாம். திரும்ப ஏற்றினால்தான் ஈரம் வெளியே வராதாம். அந்தப் பிசுக்குக்கு எங்கே போவது? வேறு எங்கே, என் அலமாரிக்கு! பால் கொடுத்துப் புண்ணான இடத்தில் தடவிக்கொள்ள மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்தேனே, அந்தக் களிம்பு ஆட்டு ரோமத்தில் எடுத்ததுதானாம். நான் டப்பாவைத் திறந்தால் உள்ளே துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. இவர் அதைச் சுடுதண்ணீரில் துளி சோப்போடு கரைத்து, ஆறவிட்டு, ஜட்டியை உள்பக்கம் வெளியே திருப்பி ஊறப்போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். நான் பஸ் கண்டக்டர். கூட்ட நேரத்தில் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல். அன்று தெருக்கோடி வரை கேட்டது.

ஆனால் ஒன்று, அதற்கப்புறம் ஜட்டி ஒழுகவில்லை. உள்ளே துணி தொப்பலாக நனைந்திருக்கும். வெளியே தொட்டால் கம்பளி காய்ந்திருக்கும். மனிதர் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லாததுதான் பாக்கி. இன்னொன்றும் பின்னி, மாற்றி மாற்றிப் போட்டார். கழற்றியதைத் துவைப்பதில்லை. குடைகளுக்கு நடுவே காற்றில் விரித்துவிடுவார், காய்ந்ததும் நாற்றம் போய்விடும். காய்ந்தும் நாறினாலோ, ஆய் பட்டுவிட்டாலோதான் கழுவுவார். அதுவும் முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பி. என்னை ஒருநாளும் இப்படிப் பதவிசாகக் கையாண்டதில்லை.

"துவைக்கிறதில்லையா!" என்று மூக்கில் விரல் வைத்தாள் என் அக்கா. அவள் முதுகுக்குப் பின்னால் எங்கள் சொந்தம் முழுக்க அவளுக்குப் பினாயில் என்றுதான் பெயர். வருகிற விருந்தாளியையே வாசலில் ஒரு முறை அலசிவிட்டு உள்ளே விடுகிறவள்.

திங்கட்கிழமையோடு என் பிரசவ லீவு முடிகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா கையில் பையோடு வந்து இறங்கினாள். குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பாளாம். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாமாம்.

"நான் வீட்லதான அண்ணி இருக்கேன்? நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"மூத்திரத் துணிய குடை மேல காயப்போடற ஆளு நீங்க. உங்கள நம்பி விடவா? சரி மாப்பிள்ளை, நாளைக்கு என் நல்ல பட்டுப் புடவைய கட்டிக்கிட்டு பாப்பாவ மடியில வெச்சுக்கறேன். சாப்பாடு முடியற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது. வந்துச்சுன்னா பாப்பா என்கூட வருவா."

"சரி" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! பெற்றவள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், ஜட்டியை நம்பிப் பிள்ளையைப் பணயம் வைக்கிறார். அவரை நாலு சாத்தலாம் போல இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் நான் என் குழந்தையைப் பார்ப்பதா?

ஞாயிறு மத்தியானம் அக்கா சந்தனக் கலர் பட்டில் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மகாராணிக்கு மடியில் பரிசு வைத்தாற்போல் குழந்தை. நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம். இவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், நான் தட்டையே பார்க்கவில்லை. குழந்தை ஒரு கணம் அசையாமல் கூரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்களுக்குப் பழக்கம்.

"ஐயோ, என் புடவை!"

தூக்கிப் பார்த்தால் சந்தனக் கலரில் சப்பாத்தி அகலத்துக்கு ஈரம். இவர் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது.

"போதுமா? சாயங்காலமே கிளம்பறேன். பாப்பா துணியெல்லாம் எடுத்து வை" என்றாள் அக்கா.

இவர் கை கழுவிக்கொண்டு வந்து ஜட்டியைத் தொட்டார். முகம் மாறியது. மோந்து பார்த்தார். "அண்ணி, இதுல எலுமிச்சை வாசனை வருதே?"

"வராம? பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டேன். அதை அப்படியே என் பட்டு மேல வெக்கச் சொல்றீங்களா? நேத்து நீங்க கடைத்தெருவுக்குப் போனப்ப ரெண்டையும் துவைச்சு ஃபேனுக்கு அடியில போட்டேன். அப்பப்பா, என்ன பிசுக்கு! தண்ணிய ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடுது. உள்ள எறங்கவே மாட்டேங்குது. மூணு தடவை சோப்பு போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்ச்சப்பறந்தான் நனைஞ்சுது!"

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"தண்ணி எறங்கவே இல்லன்னு நீயே சொல்லிட்டியேக்கா!"

அக்காவுக்கு மெல்ல உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று. இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே, ஜட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"பாப்பா எங்கயும் வரமாட்டா. இங்கதான் இருப்பா" என்றேன், என் பஸ் குரலில்.

அக்கா சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. புடவையில் துளி குழம்பு பட்டாலே ஓடிப்போய் மாற்றுகிறவள், ஈரப் பட்டோடு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பசங்க ரெண்டு பேரும் வேலைக்குன்னு வெளியூர் போனதுலேருந்து என் வீட்ல அழுக்குத் துணியே விழறதில்லடி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு நாளாக அவளுக்குச் சுத்தப் பைத்தியம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

இவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இங்க தினமும் ஒரு கூடை விழுது அண்ணி. காலைல வந்துடுங்க, சாயங்காலம் போங்க. எல்லாத்தையும் நீங்களே துவைங்க. கம்பளிய மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். குழந்தையைப் பார்த்தாள், ஜட்டியைப் பார்த்தாள்.

"அதையுந்தான் ஒரு தடவை கொதிக்கிற தண்ணியில போட்டு..."

"அக்கா!" "அண்ணி!" என்று நானும் அவரும் ஒன்றாகக் கத்தினோம்.