டிலேட் என்றொரு வினைச்சொல்

சவரிராயன் சார் தவறிவிட்டார் என்று திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவர் மருமகன் சொன்னார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி யாரிடம் கேட்பது என்றுதான் தோன்றியது. அவரை அறிந்த நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பள்ளியில் இருவரும் ஆங்கில ஆசிரியர்கள். அவர் குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டுப் பாதியில் வந்தவர். ஒருநாள் ஆசிரியர் அறையில், யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பணிஞ்சு போறதும் கோள் சொல்றதும் லத்தீன்ல ஒரே வேருங்க. ரொம்பக் குனியறவரைப் பாத்தா எனக்கு பயம், சார்." எல்லோரும் சிரித்தார்கள். 'டெஃபெர்ரே' என்பது அந்த வேர். கொண்டுபோய்க் கொடுப்பது என்று பொருள்.

எண்பதாம் ஆண்டு, நான் தலைமையாசிரியராக வேண்டிய சமயம், வினாத்தாளை டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்டியதாக என்மேல் மொட்டைக் கடிதம் போயிற்று. விழுப்புரத்தில் அதிகாரி அதை என்னிடம் நீட்டினார். ஆங்கிலத் தட்டச்சு. 'டிலேட் செய்கிறேன்' என்று தொடங்கியது. அகராதியைப் பார்த்தேன். வழக்கொழிந்த வினைச்சொல்; ஒருவர்மேல் குற்றம் கொண்டுபோய்ச் சொல்வது. வேர், அதே டெஃபெர்ரே. எங்கள் ஊரில் இதை வேறு யார் எழுதுவார்?

குற்றம் நிரூபணமாகவில்லை, பதவி ஓராண்டு தாமதமாக வந்தது. கேட்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. விழுப்புரம் ரயில் நிலையத்தில், அந்தப் பெட்டிஷனை எழுதியது நீங்களா என்றேன்.

"அது ரிலேட்டுங்க சார். எடுத்துச் சொல்றேன்னு அர்த்தம். டைப் அடிச்சவன் விரல் ஆர் எழுத்துக்குப் பக்கத்துல டி மேல பட்டுடுச்சு. நீங்க அதுமேல ரோமாபுரியே கட்டிக்கினு இருக்கீங்க."

மனம் லேசாயிற்று. ரயில் மயிலம் தாண்டும்போதுதான் உறைத்தது: எந்தச் சொல் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னேனோ? இன்றுவரை தெளிவில்லை.

அடக்கத்தன்று, கல்வி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். "விசாரணை நடக்கச்சொல்ல அவரு வந்தாருங்க. பெட்டிஷனை வாங்கிப் படிச்சாரு. எங்க சார் இப்பிடி செய்யறவரு இல்லன்னு எழுதிக் குடுத்தாரு. உங்களுக்குத் தெரிய வேணாம்னுட்டாரு."

சவரிராயன் சார் முதன்முதலாக அலுவலகத்துக்கு வந்தது பெட்டிஷன் வந்த பிறகா, அதற்கு முன்பா என்று கேட்டேன்.

எழுத்தர் என்னையே பார்த்தார். "சார், இப்பதான் மண்ணு போட்டுட்டு வந்துகினு இருக்கோம்."

அந்த ஏழு ஆண்டுகளும் சவரிராயன் சார் பேசியதையெல்லாம், சாட்சிக்கு ஆகும் என்று தேதியிட்டு எழுதி வைத்தேன். மூன்று நோட்டுப் புத்தகங்கள். சொல்வேர்கள், கேலிகள், என் பாடத்தை அவர் பாராட்டிய இரண்டு இடங்கள். அவர் பேச்சு இவ்வளவு வேறு யாரிடமும் இல்லை. குடும்பத்தாருக்குக் கொடுத்துவிட வேண்டும். எதற்காக எழுதினீர்கள் என்று கேட்பார்களே என்றுதான் தயங்குகிறேன்.